பளபளக்கும் சுவரும் பிடிக்காத பெயிண்டும்

(பெங்களூரில் கட்டட வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்கள் கூடிய கற்போர் கூட்டத்தில் பெயிண்ட் மேஸ்திரி ஒருவர் ஆற்றிய உரை)



என்னைப் பேசச் சொன்னார்கள். நான் மேடைப் பேச்சாளன் இல்லை. பெயிண்ட் வேலை செய்கிறவன். எனக்குத் தெரிந்தது சுவர். ஆகவே சுவரைப் பற்றியே பேசுகிறேன்.

இங்கே பலர் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, சேலம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். சிலர் பெயிண்டர்கள். சிலர் உப்புத்தாள் தேய்க்கும் சித்தாட்கள். சிலர் வீட்டோடு இருப்பவர்கள். இந்தப் பேச்சு மூன்று பேருக்கும் வேண்டியதுதான்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சுவர் சரியாக இல்லை என்றால் பெயிண்ட் நிற்காது. பெயிண்ட் நிற்காவிட்டால் கூலி நிற்காது. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. சுவரைத் தவறாகத் தேய்த்தால் குழந்தையின் உடம்பு கெடும். இவற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பெயிண்ட் ஏன் உரிகிறது?

பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவைப் பாருங்கள். பழைய வீட்டுச் சமையலறையைப் பாருங்கள். சுவரின் கீழ்ப்பாதி பளபளவென்று இருக்கும். தரையிலிருந்து 4 அடி, 5 அடி உயரம் வரை ஆயில் பெயிண்ட் அடித்திருப்பார்கள். எனாமல் பெயிண்ட் என்றும் சொல்வார்கள். கை அழுக்குப் பட்டால் துடைத்துவிடலாம். தண்ணீர் பட்டாலும் ஊறாது. அதற்காகத்தான் அதை அடித்தார்கள்.

பல வருடம் போகிறது. வீட்டுக்காரருக்கு அந்தப் பளபளப்புப் பிடிக்கவில்லை. எமல்ஷன் அடிக்கச் சொல்கிறார். அவசரக்கார மேஸ்திரி என்ன செய்கிறார்? துணியால் தூசியைத் தட்டுகிறார். பளபளப்பின் மேலேயே எமல்ஷனை உருட்டிவிடுகிறார். 2 நாளில் வேலை முடிந்துவிடுகிறது.

முதல் மாதம் சுவர் அழகாக இருக்கும். பிறகு ஒருநாள் காலண்டருக்கு ஆணி அடிப்பார்கள். ஆணியைச் சுற்றிப் பெயிண்ட் பெயரும். குழந்தை அந்த இடத்தை நகத்தால் கிள்ளும். வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வரும். உள்ளே பழைய ஆயில் பெயிண்ட் பளபளவென்று சிரிக்கும்.

அப்புறம் என்ன? மேஸ்திரிக்குப் போன் வரும். பாக்கிப் பணம் நிற்கும். இலவசமாகத் திரும்ப அடிக்க வேண்டும். மேஸ்திரிக்குப் பணம் நின்றால் பெயிண்டருக்கும் சித்தாளுக்கும் கூலி நிற்கும். சுவரில் உரிந்தது பெயிண்ட் மட்டும் இல்லை. நம் கூலியும் சேர்ந்துதான் உரிந்தது.

பெயிண்ட் பிடிக்காததற்குக் காரணங்கள் நான்கு.

முதல் காரணம், எண்ணெய்ப் பிசுக்கு. எண்ணெய் தேய்த்த நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு நிற்குமா? நிற்காது. சமையலறைச் சுவரும் அப்படித்தான். தாளித்த எண்ணெய்ப் புகை கண்ணுக்குத் தெரியாமல் சுவரில் படிந்திருக்கும்.

இரண்டாவது காரணம், பளபளப்பு. அம்மி தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் என்ன செய்வோம்? அம்மி கொத்துகிறவரைக் கூப்பிடுவோம். கொத்தினால்தான் மிளகாய் அரைபடும். சுவரும் அம்மி மாதிரிதான். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் புதுப் பெயிண்டுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

மூன்றாவது காரணம், பொரிந்த பழைய பூச்சு. பழைய பெயிண்டே சுவரை விட்டுத் தூக்கிக் கொண்டிருந்தால், அதன் மேல் எதை அடித்தாலும் இரண்டும் சேர்ந்து விழும்.

நான்காவது காரணம், ஓதம். சுவருக்குள் ஈரம் இருந்தால் அது வெளியே வரப் பார்க்கும். வரும்போது பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வரும்.

முதலில் சுவரைச் சோதியுங்கள்

வைத்தியர் நாடி பார்த்த பிறகுதான் மருந்து கொடுப்பார். நாமும் சுவரை நாடி பார்க்க வேண்டும். நான்கு சோதனைகள் சொல்கிறேன். அதிகச் செலவு இல்லை.

1. ஈரத்துணிச் சோதனை. ஈரத்துணியால் சுவரை அழுத்தித் துடையுங்கள். துணியில் மாவு மாதிரி நிறம் வந்தால் அது சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர்.

2. ஸ்பிரிட் சோதனை. ஊசி போடும் முன் கையில் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட் மருந்துக்கடையில் கிடைக்கும். பஞ்சில் தொட்டு ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் அது எமல்ஷன். ஒட்டாமல் சுவர் அப்படியே இருந்தால் அது ஆயில் பெயிண்ட்.

3. டேப் சோதனை. பிளேடால் பெருக்கல் குறி மாதிரி சிறியதாகக் கீறுங்கள். அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டுங்கள். சட்டென்று இழுங்கள். டேப்போடு பழைய பெயிண்ட் வந்தால் அந்தப் பூச்சு பலமாக இல்லை. அதை எடுத்தாக வேண்டும்.

4. பிளாஸ்டிக் தாள் சோதனை. ஒன்றரை அடிச் சதுரமாகப் பிளாஸ்டிக் தாளை வெட்டுங்கள். நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவரில் ஓதம் இருக்கிறது. குழாய் ஒழுகுகிறதா, வெளிச்சுவரில் வெடிப்பா என்று பார்த்து அதைச் சரி செய்த பிறகே பெயிண்டைத் தொட வேண்டும்.

தூசியில் இருக்கும் விஷம்

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். கவனமாகக் கேளுங்கள்.

பழைய ஆயில் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். பாத்திரத்துக்குப் பூசுவார்களே, அது வெள்ளீயம். நான் சொல்வது காரீயம். இது விஷம். நிறம் எடுப்பாகத் தெரியவும், சீக்கிரம் காயவும் அந்தக் காலத்தில் இதைச் சேர்த்தார்கள். பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் இது அதிகமாக இருந்தது.

சுவரில் சும்மா இருக்கும்போது ஆபத்து குறைவு. காய்ந்த சுவரை உப்புத்தாளால் தேய்க்கும்போது என்ன ஆகிறது? பெயிண்ட் மாவாகிறது. அந்த மாவு காற்றில் பறக்கிறது. மூக்கில் போகிறது. தரையில் படிகிறது. குழந்தை தரையில் தவழ்கிறது. அதே கையை வாயில் வைக்கிறது.

ஈயம் குழந்தையின் மூளையைத் தாக்கும். படிப்பு ஏறாது. கவனம் நிற்காது. ரத்தசோகை வரும். கர்ப்பிணியின் உடம்பில் சேர்ந்தால் வயிற்றில் உள்ள சிசுவுக்கும் போகும். பெரியவர்களுக்கு ரத்தக் கொதிப்பு, வயிற்று வலி, சிறுநீரகக் கோளாறு வரலாம். இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகம் இல்லை என்று சொல்லும்படி ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் நாட்டில் இதற்காகப் பலர் பாடுபட்டிருக்கிறார்கள். பெங்களூரில் துப்பில் வெங்கடேஷ் என்ற உயிர்வேதியியல் பேராசிரியர் ஈயத்தின் தீமையைப் பற்றிப் பல ஆண்டுகள் எடுத்துச் சொன்னார். இந்தியாவின் ஈய மனிதர் என்றே அவருக்குப் பெயர் வந்தது. 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயம் சேர்த்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. பிறகு பெயிண்டுக்கும் விதி வந்தது. 2016-இல் மத்திய அரசு அந்த விதியை அறிவித்தது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. இதுதான் விதி.

புது டப்பாவுக்கு விதி வந்துவிட்டது. ஆனால் பழைய சுவர் பழைய சுவர்தானே! அதற்கு முன்னால் அடித்த ஆயில் பெயிண்ட் என்றால், அதில் ஈயம் இருக்கிறது என்று நினைத்தே வேலை செய்யுங்கள். அதற்கு இந்த ஆறு விதிகளைக் கடைப்பிடியுங்கள்.

ஒன்று. பழைய ஆயில் பெயிண்டை ஒருபோதும் காய்ந்தபடி தேய்க்காதீர்கள். நனைத்துத் தேயுங்கள். தூசி உறிஞ்சும் கருவி இல்லாத மெஷினாலும் தேய்க்காதீர்கள். தீயால் சுட்டும் உரிக்காதீர்கள்.

இரண்டு. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைக்குள் வரக் கூடாது. துப்புரவு முடியும் வரை வரக் கூடாது.

மூன்று. முகத்தில் துண்டு கட்டினால் போதாது. நுண்தூசி துண்டு வழியாகப் போய்விடும். 2020-இல் கொரோனா வந்தபோது என்-95 முகக்கவசம் பார்த்தோம் அல்லவா? அதைப் போடுங்கள். மூக்கின் ஓரத்தில் இடைவெளி இல்லாமல் அழுத்துங்கள்.

நான்கு. தரையில் பிளாஸ்டிக் விரியுங்கள். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். பெருக்கினால் தூசி மறுபடி பறக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

ஐந்து. சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவாமல் டீ குடிக்காதீர்கள். வெற்றிலை போடாதீர்கள். பீடி பற்ற வைக்காதீர்கள். வேலைத் துணியோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

ஆறு. வழித்த சேற்றையும் சுரண்டிய செதிலையும் பையில் போட்டுக் கட்டுங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லி, ஆபத்தான கழிவு என்று தனியாக ஒப்படைக்கச் செய்யுங்கள். கிணற்றடியில் கொட்டாதீர்கள். கீரைப் பாத்தியில், கோழி மேயும் இடத்தில் கொட்டாதீர்கள்.

வேலையை எப்படிச் செய்வது?

இனி வேலைக்கு வருவோம். ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். ஒரு படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

முதல் படி: ஒதுக்குதல்.
சாமான்களை வெளியே எடுங்கள். எடுக்க முடியாததைப் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். நாம் தண்ணீர் வைத்து வேலை செய்யப் போகிறோம். அதனால் மெயின் சுவிட்சை அணையுங்கள். சுவிட்ச் பெட்டிகளின் மேல் பிளாஸ்டிக் வைத்து டேப் ஒட்டுங்கள். இதை மறந்தால் உயிருக்கு ஆபத்து.

இரண்டாம் படி: பொரிந்ததை எடுத்தல்.
பொரிந்த இடத்தில் தண்ணீர் தெளியுங்கள். நனைந்த பிறகு பட்டித் தகட்டால் மெதுவாகச் சுரண்டுங்கள். நன்றாகப் பிடித்திருக்கும் பழைய பெயிண்டைச் சுரண்ட வேண்டாம். அது இருக்கலாம்.

மூன்றாம் படி: கழுவுதல்.
ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் ஒரு பிடி சலவைச் சோடாவைக் கரையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பஞ்சால் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். ஏன் கீழிருந்து? மேலிருந்து கழுவினால் அழுக்கு நீர் காய்ந்த சுவரில் கோடு கோடாக வழியும். அந்தக் கறை போகாது. கழுவிய பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடையுங்கள். சோடா சுவரில் தங்கினால் அதுவே பெயிண்டைப் பிடிக்க விடாது.

கழுவாமல் தேய்க்கலாமா? கூடாது. எண்ணெய் இருக்கும்போது தேய்த்தால், எண்ணெயை நாமே கீறலுக்குள் தள்ளிவிடுவோம்.

நான்காம் படி: பளபளப்பைக் கொல்லுதல்.
இதற்குத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள் வேண்டும். சாதாரணத் தாள் தண்ணீரில் கரைந்துவிடும். தாளின் முதுகில் ஓர் எண் அச்சடித்திருக்கும். எண் சிறியதாக இருந்தால் தாள் முரடு. எண் பெரியதாக இருந்தால் தாள் மிருது. 80 முரடு. 150, 180 நடுத்தரம். 220 மிருது. பளபளப்பைப் போக்க 150 அல்லது 180 எடுங்கள். மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். தண்ணீரில் தோயுங்கள். லேசாக, வட்டம் வட்டமாகத் தேயுங்கள்.

பழைய பெயிண்டை முழுவதும் எடுப்பது நம் வேலை இல்லை. மினுமினுப்பு போனால் போதும். வரும் சேற்றை உடனே ஈரத்துணியால் வழித்துவிடுங்கள். காய விடக் கூடாது.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்? சுவர் காய்ந்ததும் டார்ச் விளக்கைச் சுவரோடு சேர்த்துப் பக்கவாட்டில் அடியுங்கள். எங்கே மின்னுகிறதோ அங்கே இன்னும் தேய்க்க வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. சாக்பீஸால் எழுதிப் பாருங்கள். பளபளப்பில் சாக்பீஸ் வழுக்கும். தேய்த்த இடத்தில் எழுத்து நன்றாகப் பதியும். நாம் சிலேட்டில் எழுதிப் பழகியவர்கள். எண்ணெய்க் கை பட்ட சிலேட்டில் எழுத்து பதியாது என்று நமக்குத் தெரியாதா? சோதித்த பிறகு சாக்பீஸைத் துடைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: துடைத்துக் காய வைத்தல்.
நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சுவர் முழுவதும் துடையுங்கள். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையில் மாவு ஒட்டக் கூடாது. பிறகு காய விடுங்கள். நம் பெங்களூரில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தூறல் விடாது. காய்வதற்கு அதிக நேரம் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பதறாத காரியம் சிதறாது.

ஆறாம் படி: பிரைமர்.
பிரைமர் என்பது தரகர் மாதிரி. பழைய சுவருக்கும் புதுப் பெயிண்டுக்கும் சம்பந்தம் பேசி முடிப்பது அதுதான். பழைய ஆயில் பெயிண்ட் மேல் எமல்ஷன் அடிக்க இரண்டு வகை பிரைமர் உண்டு. ஒன்று, எண்ணெய் வகைப் பிரைமர். இன்னொன்று, வழுவழுப்பான பரப்பில் ஒட்டுவதற்கென்றே செய்யும் பிரைமர். சுவரில் ஆயில் பெயிண்ட் இருக்கிறது என்று கடைக்காரரிடம் சொல்லிக் கேளுங்கள். புதுச் சிமெண்டுச் சுவருக்கான தண்ணீர்ப் பிரைமரை இங்கே அடித்தால் பிடிக்காது.

எண்ணெய் வகைப் பிரைமர் வாடை கடுமையாக இருக்கும். எளிதில் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் அருகில் கூடாது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய்ப் பெயிண்ட் துணிக் குவியல் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.

ஏழாம் படி: பட்டியும் பெயிண்டும்.
பிரைமர் நன்றாகக் காய்ந்த பிறகு பள்ளம், ஆணி ஓட்டை இருந்தால் அங்கே மட்டும் அக்ரிலிக் பட்டி வையுங்கள். காய்ந்ததும் 220 தாளால் லேசாகத் தேயுங்கள். அந்த இடத்துக்கு மறுபடி பிரைமர் தொடுங்கள். பிறகு எமல்ஷன் இரண்டு கோட்டிங். முதல் கோட்டிங் காயாமல் இரண்டாவது அடிக்கக் கூடாது.

ஒரு யோசனை. முழுச் சுவரையும் தொடங்கும் முன் கதவு மறைவில் 2 அடிக்கு 2 அடி இடத்தில் எல்லாப் படிகளையும் செய்து பாருங்கள். சில நாள் விட்டு டேப் சோதனை செய்யுங்கள். பெயிண்ட் நின்றால் மேலே போகலாம். உரிந்தால் 4 சதுர அடியோடு நஷ்டம் போயிற்று.

படிப்பு இங்கே என்ன செய்யும்?

நாம் இரவில் வந்து எழுத்துப் படிக்கிறோம். அது பெயிண்ட் வேலைக்கு உதவுமா? உதவும்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்த தேதி இருக்கும். எவ்வளவு கலக்க வேண்டும் என்று இருக்கும். எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்று இருக்கும். ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று இருக்கும். ஈயம் 90 பங்குக்கு மேல் இல்லை என்ற வாசகம் இருக்கும். டப்பாவில் தமிழ் இருக்காதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் எண் எல்லா மொழியிலும் ஒன்றுதான். 90 என்பது இங்கேயும் 90, டெல்லியிலும் 90. எழுத்தைக் கடைக்காரரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதை உங்கள் நோட்டில் தமிழில் எழுதுங்கள். அடுத்த முறை யாரையும் கேட்க வேண்டாம்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். அறை 12 அடி நீளம், 10 அடி அகலம். நான்கு சுவரும் சேர்ந்து 44 அடி. ஆயில் பெயிண்ட் 4 அடி உயரம். 44-ஐ 4-ஆல் பெருக்கினால் 176. கதவு 3 அடி அகலம். அதற்கு 12 சதுர அடி கழியுங்கள். மீதி 164 சதுர அடி. ஒரு லிட்டர் பிரைமர் 80 சதுர அடிக்கு வரும் என்று டப்பாவில் எழுதியிருந்தால் எவ்வளவு வேண்டும்? 2 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். இந்தக் கணக்கு தெரிந்தால் யாரும் நம்மை 4 லிட்டர் வாங்க வைக்க முடியாது.

அடுத்தது கூலிக் கணக்கு. அவசரக்காரர் 2 நாளில் முடிக்கிறார். முறையாகச் செய்ய 4 நாள். வீட்டுக்காரர் 2 நாள் கூலிதான் தருவேன் என்பார். அவரிடம் கோபப்பட வேண்டாம். கணக்குச் சொல்லுங்கள். “ஐயா, 2 நாளில் அடித்தது உரிந்தால், அதைச் சுரண்ட 3 நாள். திரும்ப முறையாகச் செய்ய 4 நாள். மொத்தம் 9 நாள் கூலி. இப்போதே செய்தால் 4 நாள்தான்.” இப்படிச் சொன்னால் பலர் ஒத்துக்கொள்வார்கள்.

வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இப்படி எழுதலாம்:

சமையலறை. கீழ்ச்சுவர் ஆயில் பெயிண்ட். 164 சதுர அடி.
முதல் நாள்: மூடுதல், சுரண்டுதல், கழுவுதல்.
இரண்டாம் நாள்: நனைத்துத் தேய்த்தல், துடைத்தல். காய்ந்த பிறகு பிரைமர்.
மூன்றாம் நாள்: பட்டி, தேய்த்தல், பிரைமர்.
நான்காம் நாள்: எமல்ஷன் இரண்டு கோட்டிங்.
மழை வந்தால் நாள் கூடும்.
முகக்கவசம், பிளாஸ்டிக் தாள் செலவு தனி.

கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வேண்டாம். கையெழுத்துப் போடத்தான் கற்றுக்கொண்டுவிட்டோமே!

கேட்ட கேள்விகள்

பேசத் தொடங்கும் முன்பே சிலர் கேள்வி கேட்டார்கள். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பெரியவர் கேட்டார்: “ஆயில் பெயிண்ட் மேலே சிமெண்டுப் பட்டியைப் போட்டு மூடிவிட்டால் என்ன?”

மூட முடியாது ஐயா. சிமெண்டுப் பட்டிக்கு நீர் உறிஞ்சும் சுவர் வேண்டும். ஆயில் பெயிண்ட் நீர் உறிஞ்சாது. பட்டி காய்ந்ததும் தகடு தகடாக விழும். சுண்ணாம்பும் அப்படித்தான்.

ஒரு தம்பி கேட்டான்: “பழைய ஆயில் பெயிண்ட் மேல் மறுபடி ஆயில் பெயிண்டே அடித்தால் தேய்க்க வேண்டாமா?”

வேண்டும் தம்பி. எண்ணெய் மேல் எண்ணெய் அடித்தாலும் பளபளப்பு போக வேண்டும். அழுக்கும் போக வேண்டும்.

ஓர் அம்மா கேட்டார்: “நான் சித்தாள். உப்புத்தாள் தேய்ப்பதே என் வேலை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கைக்குழந்தையை வேலைக்குத்தான் தூக்கிப் போகிறேன். அறை மூலையில் தூளி கட்டுகிறேன். நான் என்ன செய்வது?”

அம்மா, இந்தக் கேள்விக்காகவே நான் இன்று வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கிற அறையில் தூளி கட்டக் கூடாது. பக்கத்து அறையிலும் கூடாது. தூசி கதவு பார்த்து நிற்காது. தேய்க்கும் நாட்களை முன்கூட்டியே மேஸ்திரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நாட்களில் நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் அவருக்குக் கூலியில் பங்கு கொடுக்கட்டும். அங்கன்வாடி பக்கத்தில் இருந்தால் மூன்று வயதுக் குழந்தையை அங்கே விடுங்கள்.

மேஸ்திரிகளுக்கும் ஒரு சொல். கைக்குழந்தைக்காரி என்று சொல்லி அந்த அம்மாவை வேலையை விட்டு நிறுத்தாதீர்கள். அவருக்குத் தேய்க்கிற வேலை வேண்டாம். தேய்க்கும் நாட்களில் வேறு கட்டடத்தில் வேலை கொடுங்கள். முகக்கவசமும் கையுறையும் வாங்கித் தருவது உங்கள் பொறுப்பு. ஒரு டீச் செலவை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு குழந்தையின் படிப்பைக் கெடுக்க வேண்டாம்.

இன்னொன்று. பெயிண்டர்களும் சித்தாட்களும் கட்டடத் தொழிலாளர்களே. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யலாம். பதிவு செய்யாதவர்கள் கூட்டம் முடிந்ததும் ஆசிரியரிடம் பெயர் கொடுங்கள். விண்ணப்பத்தை நாமே சேர்ந்து நிரப்புவோம்.

நண்பர்களே! சுவரை வைத்துச் சித்திரம் எழுதுவது என்ற பழமொழியில் சுவர் என்பது நம் உடம்பு என்றும் பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். நாளை வேலைக்குப் போகும்போது சுவரையும் பாருங்கள், உடம்பையும் பாருங்கள். பையில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் வாங்கும்போது அதன் முதுகில் உள்ள எண்ணை நீங்களே படியுங்கள்.



நினைவில் வைப்போம்

சோதித்த பிறகே தொடங்குவோம்.
கழுவிய பிறகே தேய்ப்போம்.
நனைத்தே தேய்ப்போம்.
துடைத்துக் காய்ந்த பிறகே பிரைமர் அடிப்போம்.
பிரைமர் காய்ந்த பிறகே பெயிண்ட் அடிப்போம்.
குழந்தைகளைத் தூசிக்குத் தூரமாக வைப்போம்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டில் எந்தச் சுவரில் ஆயில் பெயிண்ட் இருக்கிறது? எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?
2. 80, 150, 220 — இவற்றில் எந்த உப்புத்தாள் மிருதுவானது?
3. அறை 10 அடி நீளம், 10 அடி அகலம். ஆயில் பெயிண்ட் 5 அடி உயரம். கதவைக் கழிக்காமல் எத்தனை சதுர அடி?
4. உங்கள் தெருவில் வேலைக்குப் போகும் அம்மாக்களின் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? என்ன ஏற்பாடு செய்யலாம்?